விரல் நடுங்கினால் என்ன செய்வது?

கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்துக் காட்ட முதல்முறையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொன்ன பாடல்களில் ‘இளைய நிலா’வும் உண்டு. தனியாக வாசித்தால் வருகிறது. ஆள் பார்த்தால் விரல் நடுங்குகிறது. மாத்திரை போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நல்ல பாட்டாகத்தான் மாட்டிவிட்டிருக்கிறார்கள்! 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து கிடார்காரர்களைச் சோதிக்கும் பாட்டு அது. முக்கால் வேகத்தில் மெட்ரோனோமோடு வாசித்துப் பழகுங்கள். நடுவில் தப்பு வந்தால் நிறுத்தித் திருத்தாமல், தாளத்தை விடாமல் அடுத்த வரியைப் பிடிக்கப் பழகுவது அதைவிட முக்கியம். குழுக்காரர்கள் கவனிப்பதும் அதைத்தான். பாடுபவர், “அரைக்கட்டை இறக்குங்க” என்பார். கார்டுகளை வேறு சுருதியிலும் தெரிந்துகொண்டு போங்கள்.

புதுக் கம்பி மாட்டுவதென்றால் இரண்டு மூன்று நாள் முன்பே மாட்டிவிடுங்கள். புதுக் கம்பி இழுத்துக்கொண்டு சுருதி இறங்கும்.

நடுக்கத்துக்குக் காரணம் அட்ரினலின். வீட்டு ஆட்களை உட்காரவைத்து, போனில் பதிவு செய்தபடி வாசியுங்கள். அத்தை நடுவில் பேசினாலும் நிறுத்தாதீர்கள். குழுவில் வாசித்துக் காட்டும் நாளன்று காபி வேண்டாம். உள்ளிழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். விரல் சில்லிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயம்: நடுக்கத்தைக் குறைக்க ப்ரொப்ரனலால் போடும் இசைக்கலைஞர்கள் உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். தூக்க மாத்திரை பக்கமே போகவேண்டாம், விரல் மந்தமாகிவிடும்.