சான்றிதழ் எச்சரிக்கை வந்தால்...

ரந்தாவ், லிங்கி, பகாவ் தோட்டப் பக்கம் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இது. நிரலின் பதிப்புகளைக் காக்கும் சப்வெர்ஷனில் சில சமயம் சர்வரின் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று வேலை நிற்கும். அப்போது திரை உங்களிடம் ஓர் எழுத்தைக் கேட்கும்: நிராகரிக்க ‘ஆர்’, இந்த ஒருமுறை ஏற்க ‘டி’, நிரந்தரமாக ஏற்க ‘பி’. அவசரத்தில் ‘பி’யைத் தட்டிவிடாதீர்கள்.

முதலில் காரணத்தைப் படியுங்கள். ‘காலாவதி’, ‘இன்னும் செல்லாது’ என்றால் மடிக்கணினியின் தேதியைப் பாருங்கள்; உள் பேட்டரி செத்த பழைய கணினியில் தேதி வருடக்கணக்கில் பின்னால் போயிருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் முகவரியைச் சரிபாருங்கள். கடை வைஃபையில் இருந்தால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். வழங்கியவர் தெரியாதவர் என்றால், சர்வர் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, திரையில் வரும் கைரேகை எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொருந்தினால் மட்டும் ‘பி’.

இது வீண் பயம் இல்லை. 2011 நவம்பரில், டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்ற மலேசிய நிறுவனம் (அதே பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனம் வேறு) பலவீனமான 512 பிட் சாவியுடன் 22 சான்றிதழ்கள் வழங்கியது தெரியவந்தது. மொஸில்லாவும் மைக்ரோசாஃப்டும் அதன் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. அதே மாதம், நம் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் திருடப்பட்ட சான்றிதழால் கையொப்பமிட்ட தீநிரலை எஃப்-செக்யூர் கண்டுபிடித்தது.

சப்வெர்ஷனுக்குப் பதிலாக கிட் பயன்படுத்துவோர் சரிபார்ப்பை மொத்தமாக அணைக்கவே வேண்டாம். அலுவலகத்தின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ‘எச்டிடிபி.எஸ்எஸ்எல்சிஏஇன்ஃபோ’ அமைப்பில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.

தானியங்கி ஸ்கிரிப்டுகளில், சப்வெர்ஷன் 1.9 முதல் எந்தப் பிழையை மட்டும் ஏற்பது என்று தனித்தனியே சொல்லலாம். தேவையான ஒன்றை மட்டும் எழுதுங்கள்.