மூக்குக்குப் பழகிய காற்று

இறப்பர்ப் பால் திரளாமல் இருக்க அதில் அமோனியா சேர்ப்பார்கள். கையுறை செய்யும் தொழிற்சாலைக்குப் பால் வரும்போது அமோனியாவும் கூடவே வருகிறது. தாங்கியின் மூடியைத் திறந்தால் கண் எரியும், தொண்டை கரகரக்கும். அப்படியான ஓரிடத்தில் வேலை செய்யும் எங்கள் அயல்வீட்டு ராத்தாவிடம் இதைக் கேட்டேன்.

"முதல் கிழமைதான் கஷ்டம். இப்ப வாசமே தெரியுதில்ல" என்றார்.

காற்று சுத்தமாகிவிடவில்லை, மூக்குத்தான் பழகிவிட்டது. எனவே மூக்கை நம்ப முடியாது, அளக்கத்தான் வேண்டும்.

எங்கே அளப்பது? சுவரில் மாட்டிய கருவி சுவரோரக் காற்றையே சொல்லும். தொழிலாளியோ தாங்கியின் மேல் குனிந்து நிற்கிறார். இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தில் பணியாற்றிய ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் ஆகிய இருவரும், உடம்பில் அணியக்கூடிய சிறிய காற்றுப் பம்பியைப் பற்றி 1960இல் எழுதினார்கள். அங்கே கவலை வாயுவல்ல, கதிர்த்தொழிற்பாடுடைய தூசு. அணிந்த கருவி காட்டிய அளவு, ஓரிடத்தில் நிலையாக வைத்த கருவி காட்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. இன்றும் அதே வழிதான்: இடுப்புப் பட்டியில் பம்பி, சட்டைக் கழுத்தருகே குழாய், மூக்கிலிருந்து ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்குள். அமோனியாவை அளப்பதென்றால் குழாயினுள் சல்பூரிக் அமிலம் ஊட்டிய சிலிக்கா ஜெல் இருக்கும். அது வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆய்வுகூடத்தில் அளவு தெரியவரும்.

அளந்த பின்பும் ஏமாறலாம். கணக்கு விருப்பமில்லாத தோழியரும் இதைப் பொறுமையாகப் பாருங்கள். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் அமோனியாவுக்குப் பரிந்துரைக்கும் எல்லை, வேலைநாள் சராசரியாக 25 பிபிஎம். அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. 15 நிமிடச் சராசரிக்கு எல்லை 35. ஒருவர் தாங்கியருகே 60 பிபிஎம் காற்றில் 2 மணித்தியாலமும், பொதியிடும் பகுதியில் 5 பிபிஎம் காற்றில் 6 மணித்தியாலமும் வேலை செய்கிறார் என வைப்போம்.

(60 × 2 + 5 × 6) ÷ 8 = 18.75

சராசரி எல்லைக்குள்தான். ஆனால் தாங்கியருகே கழிந்த ஒவ்வொரு 15 நிமிடமும் 35ஐத் தாண்டியது. சராசரியை மட்டும் எழுதும் அறிக்கையில் அந்த இரண்டு மணித்தியாலம் காணாமற் போய்விடும்.

துணி முகக்கவசம் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வாயுவைத் தடுக்காது. மூடியுள்ள தாங்கியும், ஆவியை அந்த இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும்தான் முதலில் வேண்டும்.

தொழிற்சாலைக்குப் போகும் உம்மாவும் ராத்தாவும் எங்களில் பலரது வீடுகளில் இருக்கிறார்கள். காற்றை அளக்க வருபவரிடம் அவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: பம்பியை யாருடைய உடம்பில் மாட்டினீர்கள்? தாங்கி திறந்த நேரத்தைத் தனியாக அளந்தீர்களா?