எண்ணிக்கை சரி, கணக்கு பிழை

வட்டவளை, ஹட்டன் பக்கம் தோட்ட ஆபிசில் சம்பள சாப்ட்வேரை மாற்றினால் போதும், ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "பழையதில் எத்தனை ரெக்கார்டோ, புதியதிலும் அத்தனை. எல்லாம் சரியா வந்துடுச்சு." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நம்பிக்கை 1: எண்ணிக்கை பொருந்தினால் டேட்டா சரி.

உண்மை: கொழுந்துச் சாக்கை எண்ணிவிட்டு, நிறுக்காமல் லொறியில் ஏற்றுவீர்களா?

பழைய டேட்டாபேஸ் பாக்ஸ்புரோ என்றால் எண்ணிக்கையே ஏமாற்றும். அதில் ஒரு பெயரை அழித்தால் 'அழிந்தது' என்ற அடையாளம் மட்டுமே விழும். 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை ஆள் கோப்புக்குள்தான் இருப்பார். அந்த அடையாளத்தைக் கவனிக்காத புரோகிராம், விலகிப் போனவர்களையும் செக்ரோலுக்கு இழுத்துவரும். எண்ணிக்கை மட்டும் அச்சொட்டாகப் பொருந்தும்.

தேதியைப் பாருங்கள். 11/05/1998 என்றால் நமக்கு மே 11. மாதத்தை முதலில் படிக்கும் சிஸ்டத்துக்கு அது நவம்பர் 5. அந்தத் தொழிலாளி ஓர் ஆகஸ்டில் விலகினால், பூர்த்தியான சேவை வருடத்தில் ஒன்று காணாமல் போகும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய்ப்படி பார்த்தாலும் 18,900 ரூபாய் நட்டம். ரெக்கார்ட் ஒன்றுகூடக் குறைந்திருக்காது!

அடையாள அட்டை இலக்கம் முன்பு 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். எண் மட்டும் ஏற்கும் கட்டத்தில் பழைய அட்டையின் எழுத்து நிற்காது. பத்து இடம் மட்டுமே உள்ள கட்டத்தில் புதிய இலக்கத்தின் வால் அறுபடும். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பெயரை யூனிகோடாக மாற்றாமல் ஏற்றினால், திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். இவற்றில் எதையாவது எண்ணிக்கை காட்டிக்கொடுக்குமா?

ஆகவே ஒரே மாதச் சம்பளத்தைப் பழைய சிஸ்டத்திலும் புதியதிலும் போட்டு, ஆள் ஆளாக ஒப்பிடுங்கள். மொத்தம் மட்டும் போதாது; ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்தால் மொத்தம் அசையாது. நாள் பேர், மேலதிகக் கொழுந்து, முற்பணக் கழிவு, சேமலாப நிதியின் 8 வீதமும் 12 வீதமும், நம்பிக்கை நிதியின் 3 வீதம் எல்லாம் தனித்தனியே பொருந்த வேண்டும். டிவிஷன் மாறியவர், இடையில் நின்று மீண்டும் வந்தவர், ஒரே பெயருள்ள இருவர் ஆகியோரை முதலில் பாருங்கள். பிழை அங்கேதான் இருக்கும்.

நம்பிக்கை 2: எரர் வரவில்லையே!

உண்மை: மேலே சொன்ன தேதி எந்த எரரும் காட்டாது. நவம்பர் 5ம் நல்ல தேதிதானே.

நம்பிக்கை 3: பேக்கப் இருக்கிறது.

உண்மை: திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

நம்பிக்கை 4: டேட்டா சரியென்றால் வேலை முடிந்தது.

உண்மை: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய சிஸ்டத்துக்கு மாறியபோது டேட்டா சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. சிஸ்டம் படுத்துவிட்டது. 2022இல் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல்.

நம்பிக்கை 5: சாப்ட்வேர் கம்பனி பார்த்துக்கொள்ளும்.

உண்மை: அவர்களுக்கு டேபிள் தெரியும், ஆளைத் தெரியாது. மேல் கணக்கு லெட்சுமியையும் கீழ்க் கணக்கு லெட்சுமியையும் கிளாக்கர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த லெட்சுமிகளே. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று சேமலாப நிதிக்கு அலைபவர்களைத் தோட்டங்களில் பார்க்காதவர் உண்டா? பெயர், பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி, நிதி இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு துண்டில் அச்சிட்டு, பிரட்டுக்களத்தில் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சம்பளத் துண்டையும் இனித் தமிழிலேயே கொடுங்கள். கடைசி ஆளும் தன் விவரம் சரியென்று சொல்லும்வரை பழைய கம்ப்யூட்டரை இரும்புக்கடைக்கு அனுப்பாதீர்கள்.