சமாரியனும் சத்திரக்காரனும்



நல்ல சமாரியனின் உவமையை அறியாதவர் நம் பங்கில் ஒருவரும் இரார். ஆனால் அதன் கடைசிப் பகுதியை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. காயப்பட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, அவனைப் பராமரித்தான் அல்லவா? மறுநாள் என்ன செய்தான்? இரண்டு வெள்ளிக்காசைச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று ஒப்புவித்தான் (லூக். 10: 35). முழுப் பாரத்தையும் தானே சுமந்துகொண்டிருக்கவில்லை. அதற்காக நமதாண்டவர் அவனைக் குறைசொல்லவுமில்லை. அவனையே நமக்கு மாதிரியாக நிறுத்தினார்.

வீட்டில் புற்றுநோயாளியை வைத்துப் பராமரிக்கிறவர்களே, இப்பாடம் உங்களுக்கு.

1954-ம் வருஷம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிய காலத்தில், இந்நோய் என்றாலே சாவு என்று ஜனங்கள் எண்ணினார்கள். இன்று அநேகர் குணமடைகிறார்கள். முற்றும் குணமாகாதவர்களிலும் பலர் வருஷக்கணக்கில் ஜீவிக்கிறார்கள். சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். ஆயினும் நோயாளியின் ஆயுள் நீளும்போது, பராமரிக்கிறவருடைய இராவிழிப்பும் நீளுகிறது. வாரக்கணக்கில் கதிர்ச் சிகிச்சை, மாதக்கணக்கில் மருந்து ஏற்றுதல், நகையை அடகு வைத்த கவலை, குமட்டலுக்குப் பயந்து தனியாகச் சமைக்கும் கஞ்சி! இத்தனையும் பெரும்பாலும் ஒரே மனைவியின் மேல், அல்லது ஒரே மகளின் மேல் விழுகிறது.

இவர்களில் பலரை வாட்டுவது உடற்சோர்வைவிட ஓர் அச்சமே. நடுராத்திரியில் நாலாம் முறை எழுந்து துணி மாற்றுகையில், “இதற்கு ஒரு முடிவு வராதா?” என்ற நினைவு தோன்றுகிறது. உடனே, சாவான பாவம் செய்துவிட்டேனோ என்று மனம் நடுங்குகிறது. இல்லை. தானாக எழும் உணர்ச்சி பாவமாகாது; அறிந்து மனச்சம்மதம் கொடுப்பதே பாவம். 1992-ம் வருஷம் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும், உணர்ச்சிகள் தம்மிலே நன்மையுமல்ல, தீமையுமல்ல என்றே கற்பிக்கிறது. வேதனை முடியவேண்டும் என்று ஏங்குவது வேறு, ஆளே ஒழியவேண்டும் என்று தீர்மானிப்பது வேறு. அலுப்பில் ஒரு சுடுசொல் சொல்லிவிட்டால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த வேளை மருந்தைக் கொடுங்கள். அதையே நினைத்து ஒரு வாரம் சாப்பிடாமலிருப்பது தவமல்ல.

எலியாஸ் தீர்க்கதரிசியைப் பாருங்கள். களைத்துப்போய், ஒரு செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். சர்வேசுரன் அவரைக் கடிந்துகொண்டாரா? சம்மனசை அனுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். போதனையெல்லாம் அப்புறம்தான்! ஆனால் பல நாளாகத் தூக்கமும் பசியும் அற்று, உயிரே வேண்டாம் என்ற நினைவு வந்தால் விசுவாசக் குறைவென்று எண்ணி மறைக்கவேண்டாம். அது நோயாகவும் இருக்கலாம்; தாமதியாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளியின் வலி தணியாமலிருந்தாலும் அப்படியே கேளுங்கள். டாக்டர் அளவு குறித்துக் கொடுக்கும் மார்ஃபினை, பழக்கமாகிவிடும் என்ற பயத்தால் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. அவர் முனகாமல் தூங்கினாலல்லவோ நீங்களும் கண்மூடலாம்?

திருச்சபை உங்களை மறக்கவில்லை. நோயாளியைத் தனியே விட்டுவர முடியாதபோது ஞாயிறு பூசைக் கடன் உங்களைக் கட்டாது. நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் உபவாசம் என்ற ஒழுங்கிலிருந்து நோயாளிக்கு மட்டுமல்ல, அவரைப் பராமரிக்கிறவர்களுக்கும் 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகையால் குருவானவர் நோயாளிக்குத் தேவநற்கருணை கொண்டுவரும்போது, காப்பி குடித்துவிட்டேனே என்று ஒதுங்கி நில்லாதேயுங்கள்.

இனி, சத்திரக்காரன் யார்? இதை வாசிக்கும் மற்றவர்களே, நீங்கள்தான். மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் நோயாளிகளைச் சந்திப்பது வழக்கம். ஆரஞ்சுப் பழத்தோடு போய், கட்டிலருகே அரைமணி நேரம் நோய்க்கதை பேசித் திரும்புவது ஒரு சந்திப்பு. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து, “அக்கா, நான் இருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்” என்பது மற்றொரு சந்திப்பு. இரண்டாவதே மேல் என்பது நம் எண்ணம்.

பராமரிக்கிறவர்களோ, “என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது” என்று சொல்லவேண்டாம். மருந்து வேளையையும் டாக்டரின் டெலிபோன் நம்பரையும் ஒரு தாளில் எழுதித் தலையணைப் பக்கம் வையுங்கள். வருகிறவரிடம் அதைக் காட்டிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.