போக்கரைத் தொழிலாக்க முடியுமா? அதியமான்கோட்டையிலிருந்து கிளம்புகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி மாவட்டத்து அதியமான்கோட்டையில் உட்கார்ந்துகொண்டே போக்கர் ஆடிப் பிழைக்க முடியுமா? 2025 ஆகஸ்ட் வரை இதற்கு ‘முடியும், ஆனால் கஷ்டம்’ என்று பதில் சொல்லியிருக்கலாம். வாரம் முழுக்க மடிக்கணினியில் ஆன்லைன் ஆட்டம், அவ்வப்போது கோவாவுக்குப் போய் நேரடி மேசை என்று இரண்டையும் கலந்து வாழ்ந்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். இப்போது அதில் பாதிக் கடையைச் சட்டம் சாத்திவிட்டது. மிச்சப் பாதியை நம்பி இறங்கலாமா என்று முடிவெடுக்கத் தேவையான கணக்குகளை இங்கே வரிசையாகப் போட்டிருக்கிறேன். சீட்டே தொட்டதில்லை என்றாலும் பரவாயில்லை, படித்துக்கொண்டு போகலாம்.

படி 1: சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் இது நீண்ட இழுபறி. 2021-ல் மாநில அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய மசோதா வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்ற விதிகள் வந்தன. ஜூனில் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது.

இவ்வளவு வாதப் பிரதிவாதத்தையும் ஒரே வாரத்தில் பழங்கதையாக்கியது மத்தியச் சட்டம். 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, நடத்தக் கூடாது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை வைக்கவில்லை. போக்கர்பாஸி, அடா52 போன்ற தளங்கள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை என்றதும் வெளிநாட்டுத் தளங்களுக்கு வி.பி.என். போட்டு நுழையச் சொல்லும் டெலிகிராம் ‘ஏஜென்ட்’கள் வருவார்கள். பக்கம்கூடப் போகாதீர்கள். பணம் முடங்கினால் கேட்க நாதி இல்லை. போலீஸிலும் சொல்ல முடியாது, வங்கியிலும் சொல்ல முடியாது.

ஊருக்குள் நேரடியாக ஆடுவதும் இதே கதைதான். புளியந்தோப்பில் பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் செய்திக்குப் பின்னால் 1930-ம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இருக்கிறது. நீங்கள் ஆடுவது மங்காத்தா அல்ல, டெக்சாஸ் ஹோல்டெம் என்று ஏட்டையாவிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

படி 2: புளியங்கொட்டையை வைத்துப் படியுங்கள்

ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் பொதுச் சீட்டு ஐந்து விழும்: முதலில் சேர்ந்தாற்போல் மூன்று (பிளாப்), பிறகு ஒன்று (டேர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், ஈடுகட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். விதி இவ்வளவுதான். ஒரு சாயங்காலம் போதும்.

கணக்குப் படிய மாதக்கணக்காகும். புளிக்குப் பேர்போன மாவட்டம், சிப்ஸுக்குப் பஞ்சமா? நான்கு பேர் உட்கார்ந்து ஆளுக்கு இருநூறு கொட்டை பிரித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கை வருகிறது என்று வையுங்கள்: உங்களிடம் இரண்டு ஆட்டின், நடுவில் விழுந்த நான்கில் இரண்டு ஆட்டின். இன்னொன்று விழுந்தால் ஐந்தும் ஒரே சின்னம், அதாவது ஃபிளஷ். நடுவே 90 கொட்டை கிடக்கிறது. எதிராளி 30 வைக்கிறார். நீங்களும் 30 வைத்தால் மொத்தம் 150. அதில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று. ஆக, 20 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் வைக்க வேண்டும். நீங்கள் பார்க்காத சீட்டு 46. மிச்சமுள்ள ஆட்டின் 9. ஒன்பதை நாற்பத்தாறால் வகுத்தால் 19.6. மயிரிழையில் நட்டம். ஆனால் ஆட்டின் விழுந்த பிறகு எதிராளி இன்னும் கொஞ்சம் கொடுப்பார் என்று தோன்றினால் வைக்கலாம். கொடுக்க மாட்டார், கெட்டிக்காரர் என்றால் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கு விரல் நுனிக்கு வரும்வரை பண மேசை பற்றிய பேச்சே வேண்டாம். எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் போக்கர் பாடத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் கோழிக்கோடு ஐ.ஐ.எம். 2018-ல் போக்கரை ஒரு விருப்பப் பாடமாக நடத்தியது. புத்தகம் வேண்டுமென்றால் டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘த தியரி ஆஃப் போக்கர்’. பழசுதான், அடித்தளத்துக்கு இன்றைக்கும் அதுவே போதும்.

படி 3: நீங்கள் திறமைசாலியா என்று எப்போது தெரியும்?

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் நேரடி ஆட்டம், ஆன்லைன் ஆட்டம் என்ற பேச்சின் சாரமே இந்தக் கேள்விதான்.

நேரடி மேசையில் டீலர் கலைத்து, பிரித்து, பணம் எண்ணி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 கை ஓடும். ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 180. ஆன்லைனில் ஒரு மேசையிலேயே மணிக்கு 75 கை போல ஓடும். நான்கு மேசை திறந்தால் 300, ஆறு மணி நேரத்தில் 1,800. பத்து மடங்கு.

100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் லாபம் எடுப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். பெரிய பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக முன்கூட்டி வைக்கும் தொகை. இந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம், புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம், 100 கைக்குச் சுமார் 90 பெரிய பிளைண்ட். லாபம் 5, ஆட்டம் காணுவது 90. இதை வைத்து 10,000 கைக்குக் கணக்குப் போட்டால் சராசரி லாபம் 500, திட்ட விலக்கம் 900. அதாவது, உண்மையிலேயே நன்றாக ஆடும் ஒருவர் 10,000 கை ஆடிய பிறகும் நட்டத்தில் நிற்க 29 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கை ஆடினால் அது 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

நாட்களாக மாற்றிப் பாருங்கள். நேரடி மேசையில் 10,000 கைக்கு 56 நாள் உழைக்க வேண்டும். அதே 56 நாளில் ஆன்லைனில் ஒரு லட்சம் கையைத் தொட்டுவிடலாம். நேரடி மேசைக்காரர் ஒரு லட்சத்தைத் தொட 556 நாள் மேசையில் உட்கார வேண்டும்.

மறுபக்கம் இன்னும் ஆபத்து. சுமாராக ஆடுகிறவரும் இரண்டு மாதம் தொடர்ந்து ஜெயிக்கலாம். வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக்கருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்த மாதிரி ஒரு இரண்டு மாதத்தில்தான் வந்திருப்பார்கள்.

ஆன்லைன் என்பது வருமான வழி மட்டுமாக இருக்கவில்லை. ஒருவர் தன் தரத்தைச் சோதித்துக்கொள்ளும் தேர்வுக் கூடமாகவும் அதுதான் இருந்தது. 2017 உலக போக்கர் தொடரில் ஆட்டக்காரர் நிபுண் ஜாவா வாங்கிய இரண்டு பிரேஸ்லெட்டில் ஒன்று ஆதித்ய சுஷாந்துடன் ஜோடியாக நேரடி மேசையில் ஆடியது, மற்றது ஆன்லைன் போட்டி. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் ஆன்லைன் தகுதிப் போட்டியில் தொடங்கி லாஸ் வேகாஸில் 25 லட்சம் டாலர் வென்றார். 2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியபோது அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் ஆட்டத்துக்காகவே கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் குடிபெயர்ந்தார்கள். நமக்கு அந்த நாள் 2025-ல் வந்திருக்கிறது. ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலிலிருந்து உரிமம் பெற்ற தளங்கள் இருப்பதால், டொரன்டோத் தமிழர் ஒருவர் இரண்டையும் சமன் செய்து ஆட முடியும். அதியமான்கோட்டைக்காரரால் முடியாது.

படி 4: தேர்வுக் கூடம் இல்லாமல் தேர்வு எழுதுங்கள்

பணம் இல்லாத ஆன்லைன் ஆட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வேகமும் உண்டு. ஆனால் காசு போகாத இடத்தில் யாரும் சீட்டைக் கீழே போட மாட்டார்கள். நல்ல சீட்டு இல்லாமலே பெரிதாக வைத்து மிரட்டும் பிளஃப் அங்கே எடுபடாது. அங்கே கிடைக்கும் வெற்றி விகிதத்தை நம்பாதீர்கள்.

அதற்குப் பதிலாக, ஆடிய கைகளை எழுதிவைத்து, சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் சால்வர் மென்பொருளில் போட்டு, எந்த இடத்தில் அதிலிருந்து விலகினோம் என்று பாருங்கள். பணத்தை அளக்க முடியாதபோது முடிவுகளை அளக்கலாம். ஒரு கை ஜெயித்ததா தோற்றதா என்பதை மறைத்துவிட்டு, வைத்தது சரியா என்று மட்டும் நண்பரிடம் கேளுங்கள். இந்தப் பழக்கம் வந்தவர் நாளைக்குச் சட்டம் மாறினாலும் மற்றவர்களைவிட முன்னால் நிற்பார்.

படி 5: முதலைப் பிரித்து வையுங்கள்

100/200 பிளைண்ட் மேசையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 100 பெரிய பிளைண்டோடு, அதாவது 20,000 ரூபாயோடு உட்காருவார்கள். தொழிலாக ஆடுகிறவருக்கு அந்த மாதிரி 40 கட்டாவது வேண்டும்: 8 லட்சம். இது ஆட்டத்துக்கு மட்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு வருடப் பணம் வேறு வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை வீட்டிலேயே இருக்க வேண்டும்.

கடன் வாங்கி ஆடக் கூடாது. நகையை வைத்தும் கூடாது. தேய்பிறை அஷ்டமிக்கு நம் ஊர்க் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வரும் கூட்டத்தில் எத்தனை பேர் கடன் தீர வேண்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வருமானம் எவ்வளவு? 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் என்றால் 1,000 ரூபாய். ஒரு நாள் 180 கைக்கு 1,800. மாதம் 20 நாள் ஆடினால் 36,000. நேரடி மேசையில் விடுமுறைக்கு வந்தவர்கள் அலட்சியமாக ஆடுவார்கள், அதனால் இரண்டு மடங்குகூட எடுக்கலாம் என்பார்கள், எடுக்கலாம். ஆனால் இது வரிக்கும் அறை வாடகைக்கும் முந்தைய சராசரி. எந்த மாதமும் சராசரியாக வராது.

படி 6: கோவா மேசையில் உட்காரும்போது

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு, அங்கிருந்து ராத்திரி பஸ். பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில்தான் பெரிய சூதாட்ட விடுதிகள். 2017-ல் உலக போக்கர் டூரின் இந்தியப் போட்டி நடந்த டெல்டின் ராயலும் அங்கேதான். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும்.

ஆன்லைனில் பழகியவருக்கு முதல் நாள் கை நடுங்கும். வாயால் ‘ரைஸ்’ என்று சொன்னால் சொன்னதுதான், திரும்பப் பெற முடியாது. சிப்ஸைத் தவணை முறையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளக் கூடாது. ஒரே தடவையில் வைக்க வேண்டும். உங்கள் முறை வரும் முன்பு சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கை ஓடும்போது போன் எடுக்காதீர்கள். நண்பரோடு போயிருந்தால் நடுவில் தமிழில் பேசிக்கொள்ளாதீர்கள். பல அறைகளில் எல்லோருக்கும் புரியும் மொழியில்தான் பேச வேண்டும் என்ற விதி உண்டு, இல்லாவிட்டாலும் கூட்டுச் சேர்ந்து ஆடுவதாகச் சந்தேகம் வரும்.

முகத்தைப் பார்த்து சீட்டைச் சொல்லும் வித்தையெல்லாம் சினிமாவில். பார்க்க வேண்டியது எவ்வளவு வைக்கிறார், எவ்வளவு நேரம் யோசிக்கிறார், தோற்ற கைக்கு அடுத்த கையை எப்படி ஆடுகிறார் என்பதை. தோற்ற எரிச்சலில் கண்டபடி ஆடுவதை ‘டில்ட்’ என்பார்கள். அடுத்தவருடையது தெரியும், நமக்கு வந்தால் தெரியாது. அதனால் இரண்டு கட்டு போனதும் எழுந்துவிடுவது என்று கரையிலேயே முடிவு செய்துகொண்டு படகேறுங்கள்.

ஒவ்வொரு பந்தயத் தொகுப்பிலிருந்தும் விடுதி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். எத்தனை சதவீதம், உச்ச வரம்பு என்ன என்று உட்காரும் முன் கேளுங்கள். சூதாட்ட விடுதிகளுக்கான 28 சதவீத ஜி.எஸ்.டி. 2023 அக்டோபரிலிருந்து சிப்ஸ் வாங்கும் முழுத் தொகைக்கும் என்று ஆனது, 2025 செப்டம்பர் 22-ல் 40 சதவீதமாக ஏறியது. அது உங்கள் தலையில் எந்த வகையில் விழுகிறது என்பதையும் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

கொழும்பும் காத்மாண்டுவும் அடுத்த நிலை. முதல் வருடத்தில் அந்தப் பயணச் செலவு கட்டுப்படியாகாது.

படி 7: வரிக்கும் நிறுத்துவதற்கும் ஒரே நோட்டு

வென்ற பணத்துக்கு 30 சதவீத வரி, 4 சதவீத செஸ் சேர்த்து 31.2. மற்ற வருமானத்துக்கு உள்ள விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. பஸ் கட்டணம், அறை வாடகை எதையும் செலவாகக் கழிக்க முடியாது. மேலே சொன்ன 36,000-ல் வரி போனால் ஏறக்குறைய 24,800 மிஞ்சும். அறையும் சாப்பாடும் அதற்குள்தான். வென்ற நாளையும் தோற்ற நாளையும் எப்படிக் காட்டுவது என்று தர்மபுரியிலோ சேலத்திலோ ஒரு ஆடிட்டரை முதல் பயணத்துக்கு முன்பே பாருங்கள்.

ஒரு நீள நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: தேதி, மேசை, மணி நேரம், கொண்டுபோனது, கொண்டுவந்தது. ஒவ்வொரு நாளும் மேசையை விட்டு எழுந்த உடனே எழுத வேண்டும், அறைக்குப் போய் அல்ல. முதல் பக்கத்தில் இரண்டு எண்களைப் பெரிதாக எழுதுங்கள். முதல் எண், எத்தனை லட்சம் போனால் நிறுத்துவது. அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லி, அவர் கையாலேயே எழுத வையுங்கள். இரண்டாவது எண் 14416. நிறுத்த நினைத்தும் முடியாமல் போனால், தூக்கம் கெட்டால், பொய் சொல்ல ஆரம்பித்தால் கூப்பிட வேண்டிய டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.