ஸ்கேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கே இனி வேலை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் மெக்கானிக்காக முன்னேற நினைக்கிறீர்களா? ஸ்பேனர் பிடிக்க ஊருக்குள் ஆள் நிறைய. ஷூ கம்பெனி வேன் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், மேனேஜர் முதலில் கூப்பிடும் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

1. சட்ட நிலவரம் தெரிந்திருக்கட்டும். கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்று ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் டூல்களையும் வெளியிலும் விற்கச் சொன்னது. வெளியே ரிப்பேர் பார்த்தாலே வாரன்டி போச்சு என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ரிப்பேர் உரிமைக்கென ஒரு போர்ட்டல் திறந்தது. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. வரட்டும் என்று உட்கார்ந்தால் பக்கத்து ஷெட்காரர் முந்திவிடுவார்.

2. ஸ்கேனர் வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டினால் ஃபால்ட் கோட் வரும். பெட்ரோல் வண்டியில் பி0171 வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை என்று அர்த்தம். அவசரக்காரர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் காசு வாங்குவார். வண்டி மறுவாரமே திரும்பி வரும். நீங்கள் முதலில் வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

நம்ம ஊருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றும் வண்டியில் உப்புத்தண்ணீர் சேஸிஸில் ஒழுகிக்கொண்டே இருக்கும். சம்பந்தமில்லாத நாலைந்து கோட் ஒன்றாக வந்தால் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றுங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பார்ட்ஸ் செலவே இல்லாமல் வண்டி ஓடும். அந்த டிரைவர் உங்களை மறக்கவே மாட்டார்.

3. சர்வீஸ் மேனுவல் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். தினம் ஒரு பக்கம் படியுங்கள்.

4. பில் எழுதுங்கள். வண்டி நம்பர், கிலோமீட்டர், வந்த கோட், மாற்றிய பார்ட் நம்பர் எல்லாம் அதில் வேண்டும். கழற்றிய பழைய பார்ட்டைக் கவரில் போட்டு ஓனர் கையில் கொடுங்கள். நாளைக்கு வாரன்டித் தகராறு வந்தால் அவருக்கும் உங்களுக்கும் அந்தக் காகிதம்தான் சாட்சி. ஆறு மாதம் சேர்ந்ததும் பில் புக்கோடு டிரான்ஸ்போர்ட் மேனேஜரிடம் போய் மாத கான்ட்ராக்ட் கேளுங்கள். ரேட் பேசுவதற்கு முன்னால், அதே கோளாறோடு எத்தனை வண்டி திரும்பி வந்தது என்று காட்டுங்கள்.