கொட்டியாரக் குடாவில் இறங்கிய பெயர்

கிண்ணியா



டி லெனரோல் என்பது இலங்கையின் சிங்களக் குடும்பங்கள் சில இன்றும் தாங்கிவரும் பிரெஞ்சுப் பெயர். ‘டி’ என்று தொடங்குவதால் டி சில்வா, டி மெல், டி சொய்சா ஆகிய போர்த்துக்கேயப் பெயர்களோடு அதையும் சேர்த்துவிடுவோர் உண்டு. ஆனால் வந்த வழி வேறு. போர்த்துக்கேயப் பெயர்கள் பெரும்பாலும் ஞானஸ்நானத்தோடு கரையோர மக்களிடையே பரவின; லெனரோல் ஒரே மனிதரோடு, 1672ஆம் ஆண்டில், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் முன்னே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடா வழியாக வந்தது.

பிரெஞ்சு உயர்குடியினர் தம் நிலத்தின் பெயரையே குடும்பப் பெயராகக் கொள்வது அக்கால வழக்கம். அந்த மனிதரின் பெயரான ‘டு லா நெரோல்’ என்பதும் அந்த அமைப்பில் உள்ளதே. இலங்கை நாவில் அது சுருங்கி ஒரே சொல்லாகிவிட்டது.

பதினான்காம் லூயி மன்னன் 1670இல் ஜேக்கப் பிளாங்கே டு லா ஹே என்ற தளபதியின் கீழ் ஒரு கப்பற்படையைக் கீழைக்கடலுக்கு அனுப்பினான். ஒல்லாந்தர் கைக்குள் இருந்த வணிகத்தில் பங்கு பெறுவதே நோக்கம். படைக்கு வழிகாட்டியவர் பிரான்சுவா கரோன். ஒல்லாந்தக் கம்பனியில் நெடுங்காலம் உழைத்து, 1644இல் நீர்கொழும்பை அவர்களுக்காகப் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. இப்போது எதிர்ப்பக்கம் நின்றார். 1672 மார்ச்சில் கப்பல்கள் திருகோணமலையை அடைந்தன. ஒல்லாந்தரை விரட்டத் துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன், இப்பகுதியில் பிரெஞ்சுக்காரர் தங்க இசைந்தான்.

கண்டி அரசவைக்குத் தூதராகச் சென்றவர்தான் டு லா நெரோல். அங்கு நடந்ததை எழுதிவைத்தவர் ரொபர்ட் நொக்ஸ். அந்த ஆங்கிலேயரும் 1660இல் இதே கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்தவர். தூதர் வழக்கத்தை மீறி அரண்மனையைக் குதிரைமேல் இருந்தபடியே கடந்து போனார்; மன்னன் காக்க வைத்தபோது பொறுமையிழந்து, உத்தரவு பெறாமலே வெளியேறினார். விளைவு அடியும் விலங்கும். நொக்ஸின் நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. கைதிக்குச் சக கைதி சாட்சியாக அமைவது வரலாற்றில் எப்போதும் வாய்ப்பதில்லை.

இதற்கிடையில் குடாவில் உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒல்லாந்தக் கப்பல்கள் நெருக்கின. ஜூலையில் டு லா ஹே ஒரு சிறு காவற்படையை விட்டுவிட்டு மயிலாப்பூரின் சாந்தோமுக்குப் போய் அதைப் பிடித்தார். இங்கு எஞ்சியோர் ஒல்லாந்தரிடம் பணிந்தனர். 1674இல் சாந்தோமும் கைநழுவியது. கண்டியில் அகப்பட்ட தூதரை மீட்க எவரும் வரவில்லை. அவர் இந்நாட்டிலேயே வாழ்ந்து வழிவந்தோரை விட்டுச்சென்றார் என்பது லெனரோல் குடும்பங்களின் மரபு.

அந்தத் தூதர் வந்து நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 1782 ஆகஸ்டில், சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதி திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். செப்டெம்பர் 3இல் துறைமுகத்துக்கு வெளியே கடற்போரும் நடந்தது. பிரெஞ்சுக் கடற்படை பின்னாளில் தன் கப்பல்களுக்கு அவர் பெயரைச் சூட்டியது. இலங்கைக் குடும்பங்களிலோ அது ஒட்டவில்லை. வென்றவர் பெயர் கப்பலுக்குப் போக, தோற்ற தூதரின் பெயர் இங்கே வீடுகளுக்கு வந்தது.

பறங்கியரிடையே வழங்கும் துசேன், கிரெனியே, ஜூமோ போன்றவையும் பிரெஞ்சுப் பெயர்களே. அவற்றுள் கிரெனியே குடும்பத்தின் சாமுவேல் கிரெனியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் சட்டமா அதிபராக இருந்தவர்.

லெனரோல்களில் ஜூலியஸ் டி லெனரோல் சிங்கள மொழியறிஞர். சிங்களப் பேரகராதிப் பணியில் உழைத்தவர். பிரெஞ்சுப் பெயர் கொண்டவர் சிங்களச் சொற்களுக்கு வரையறை எழுதியதில் வியப்பில்லை; அதற்குள் அந்தப் பெயர் முழுக்கச் சிங்களப் பெயராகிவிட்டிருந்தது. ரொஸ் டி லெனரோல் (1932–1993) திருமணத்தால் இப்பெயரைப் பெற்றவர். தென்னாபிரிக்காவில் பிறந்து, லண்டனில் நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியோருள் ஒருவரானார். விமன்ஸ் பிரஸ் பதிப்பகத்தை 1980களில் நடத்தினார். சிம்பாப்வே எழுத்தாளர் சிட்சி டங்கரெம்பாவின் முதல் நாவலை 1988இல் வெளியிட்டது அந்தப் பதிப்பகமே.